பந்தயம் நின்று ஆண்டுகளாகியும் தீராத வழக்கு: ஸ்பீட்வே ரசிகர்களின் நினைவுகளுக்கு என்ன மதிப்பு?

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகருக்குக் கிழக்கே, பிராண்டன் என்ற சிற்றூரை ஒட்டி ஒரு பந்தய அரங்கம் சிதைந்து கிடக்கிறது. 1928-இல் அங்கே தொடங்கிய ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயம், இடையிடையே நின்றும் தொடர்ந்தும், 2016-ஆம் ஆண்டுப் பருவத்தோடு முடிவுக்கு வந்தது. அதன்பின் அந்த நிலத்தில் 124 வீடுகள் வரை கட்டவும், செயற்கைப் புல் விரித்த கால்பந்துத் திடல் ஒன்றை அமைக்கவும் அனுமதி கோரப்பட்டது. அந்தப் பகுதி அடங்கிய ரக்பி என்ற ஊரின் உள்ளாட்சி மன்றம் 2022-இல் அதை நிராகரித்தது. மேல்முறையீட்டில் நடந்த பொது விசாரணையின் முடிவிலும், 2023-ஆம் ஆண்டு இறுதியில், நிராகரிப்பே உறுதியானது.

செய்தியைப் படித்த பலருக்கும் இரண்டு குழப்பங்கள் எழுகின்றன. பந்தயமே நடக்காத ஓர் இடத்துக்காக ரசிகர்கள் ஏன் இத்தனை ஆண்டுகளாகப் போராடுகிறார்கள் என்பது ஒன்று. வீடு கட்ட அனுமதி இல்லை என்று ஆன பிறகும் பந்தயம் ஏன் திரும்பவில்லை என்பது மற்றொன்று. கிடைக்கும் செய்திகளில் பெரும்பகுதி “அந்தக் காலத்து நினைவுகள்” என்ற தலைப்பில் வருவதால், இது வயதானவர்களின் ஏக்கம் மட்டுமே என்று தோன்றிவிடுகிறது. அந்தத் தோற்றம் சரியல்ல. அந்த நினைவுகளுக்குள் ஒரு விளையாட்டைப் பற்றிய துல்லியமான அறிவும் இருக்கிறது. அதற்குச் சட்டத்திலும் ஓரளவு இடம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, விளையாட்டின் அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஸ்பீட்வே என்பது எது

அமெரிக்காவில் கார் பந்தயம் நடக்கும் பெரிய தார்த் தடங்களையும் “ஸ்பீட்வே” என்றே அழைக்கிறார்கள். இங்கே பேசப்படுவது அதுவன்று. பிரிட்டன், போலந்து, டென்மார்க், ஸ்வீடன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் வேரூன்றிய இந்த ஸ்பீட்வே, மண் தடத்தில் மோட்டார் சைக்கிளில் ஓட்டப்படுவது. ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெயிட்லாண்டில் 1923-இல் நடந்த பந்தயத்தைப் பலரும் இதன் தொடக்கமாகக் கொள்கிறார்கள். பிரிட்டனில் 1928 பிப்ரவரி 19 அன்று எப்பிங் காட்டின் ஹை பீச் என்ற இடத்தில் நடந்த பந்தயத்துக்குக் கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டுக்குள் நாடெங்கும் தடங்கள் முளைத்தன. பிராண்டனும் அந்த ஆண்டின் பிள்ளைதான்.

விதிகள் எளியவை.

1. ஒரு பந்தயத்தில், அதாவது ஒரு “ஹீட்”டில், நான்கு பேர் ஓட்டுகிறார்கள், அணிக்கு இருவர். உள்ளூர் அணியினர் சிவப்பு, நீலத் தலைக்கவசமும், வந்த அணியினர் வெள்ளை, மஞ்சள் கவசமும் அணிவார்கள்.
2. நீள்வட்டத் தடத்தை இடப்பக்கமாகவே நான்கு முறை சுற்ற வேண்டும். முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1 புள்ளி, கடைசிக்கு ஒன்றுமில்லை.
3. வண்டியில் 500 சிசி ஒற்றை உருளை எஞ்சின், எரிபொருள் மெத்தனால். கியர் ஒன்றே ஒன்று. பிரேக் கிடையாது.

பிரேக் இல்லை என்பது விளம்பரத்துக்காகச் சொல்லப்படும் பேச்சன்று, விதியே அதுதான். வேகத்தைக் குறைக்கும் வேலையை மண்ணே செய்கிறது. வளைவுக்குள் நுழையும்போது ஓட்டுபவர் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வெளிப்பக்கமாகச் சறுக்கவிட்டு, கைப்பிடியை வலப்பக்கம் திருப்பியபடி இடப்பக்கம் திரும்புகிறார். இரும்புத் தகடு பொருத்திய இடது காலணி தரையை உரசிக்கொண்டே வரும். நான்கு பேரும் ஒரே வளைவில், ஒரே சமயத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இதைச் செய்கிறார்கள்.

தடம் மாறினால் விளையாட்டே மாறுகிறது

உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் விதிப்படி தடத்தின் நீளம் 260 மீட்டர் முதல் 425 மீட்டர் வரை இருக்கலாம். இந்த இடைவெளி மிகப் பெரியது. குட்டையான தடத்தில் புறப்பாடே பாதிப் பந்தயம். புறப்படும் கோட்டில் வீரர்களுக்குக் குறுக்கே கட்டிய நாடா மேலே எழும் கணத்தில் முந்தியவர் பெரும்பாலும் முந்தியவராகவே முடிப்பார். நீண்ட, அகலமான தடத்திலோ நான்காவதாக வளைவுக்குள் போனவர் வெளி ஓரமாகச் சுற்றி வந்து இறுதிக் கோட்டில் வெல்ல முடியும்.

நீளத்தைவிட நுட்பமானது மண். கெட்டியான அடித்தளத்தின் மேல் ஷேல் என்னும் நொறுங்கிய களிப்பாறைத் துகளோ, கிரானைட் அல்லது செங்கல் துகளோ தளர்வாகப் பரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஹீட்டிலும் நான்கு பின்சக்கரங்கள் அந்தத் துகளை வெளிப்பக்கமாக வாரி இறைக்கின்றன. சில ஹீட்டுகள் முடிவதற்குள் உட்பாதை வழுவழுப்பாகத் தேய்ந்துவிடும்; பிடிப்புள்ள மண் வேலியோரம் குவிந்துவிடும். நடுவில் டிராக்டர் வந்து மண்ணை இழுத்துச் சமன்செய்யும், தண்ணீர் தெளிக்கப்படும், பாதை மறுபடி மாறும். ஆகவே ஒரே மாலையில், ஒரே தடத்தில், முதல் ஹீட்டில் வென்ற வழி பத்தாவது ஹீட்டில் வெல்லாது. இந்த மாற்றத்தைப் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று பார்த்த ரசிகருக்கு, “இன்று மூன்றாவது வளைவின் வெளி ஓரம்தான் ஓடும்” என்று சொல்லிவிட முடியும். அவர் நினைவாகச் சொல்வது பெரும்பாலும் இந்த அறிவைத்தான்.

மான்செஸ்டர் இதற்கு நல்ல சான்று. பெல் வ்யூ ஏசஸ் என்ற அணி 1929 முதல் ஹைட் ரோடு அரங்கத்தில் ஓடியது. பெல் வ்யூ விலங்குக் காட்சிசாலை வளாகத்துக்குள்ளேயே இருந்த அரங்கம் அது. ஏறத்தாழ 380 மீட்டர் நீளமுள்ள வேகமான தடம். 1955-லும் 1962-லும் உலகப் பட்டம் வென்ற பீட்டர் கிரேவன், 1969-லும் 1970-லும் 1972-லும் அந்த அணியில் இருந்தபடியே உலகச் சாம்பியனான நியூசிலாந்தின் ஐவன் மாஜர், 1976-இல் பட்டம் வென்ற பீட்டர் காலின்ஸ் என அதன் வரிசை நீளமானது. 1987 நவம்பரில் அங்கே கடைசி ஸ்பீட்வே பந்தயம் நடந்தது. நிலம் பழைய கார்களை ஏலம் விடும் நிறுவனத்துக்குப் போனது. அணி அழியவில்லை. அடுத்த ஆண்டே பக்கத்துத் தெருவில், கிர்க்மன்ஷுல்ம் லேன் நாய்ப்பந்தய அரங்கத்தில், 300 மீட்டரை எட்டாத தடத்தில் ஓடத் தொடங்கியது. அணி, நகரம், சட்டையின் நிறம் எதுவும் மாறவில்லை. ஆனால் ஹைட் ரோட்டைப் பார்த்தவர்கள் அதன்பின் பார்த்தது வேறொரு விளையாட்டு. கால்பந்து அணி ஒன்று அரங்கம் மாறினால் திடலின் அளவு கிட்டத்தட்ட அதேதான். ஸ்பீட்வேயில் அப்படி இல்லை என்பதை விட்டுவிட்டால் இந்த ரசிகர்களின் வருத்தம் யாருக்கும் புரியாது.

புதிதாக நல்ல தடம் ஒன்றைப் பணம் செலவழித்துக் கட்டிவிடலாமே என்ற கேள்விக்கும் மான்செஸ்டரே பதில் தருகிறது. 2016-இல் அங்கே தேசிய ஸ்பீட்வே அரங்கம் புதிதாகக் கட்டப்பட்டது. அதன் தொடக்க விழாப் பந்தயம், கூட்டம் வந்து சேர்ந்த நிலையிலும், தடத்தின் நிலை சரியில்லை என்று கைவிடப்பட்டது. பின்னர் அது சிறந்த தடமாகப் பெயரெடுத்தது என்பதும் உண்மை. மண் இறுகிப் பதம் வர நாள் பிடிக்கும்.

பதினைந்து நிமிடப் பந்தயம், இரண்டு மணி நேர மாலை

ரசிகர்களின் நினைவுக் குறிப்புகளைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். யார் வென்றார் என்பதைவிட, எங்கே நின்றோம், யாரோடு போனோம், என்ன மணம் வீசியது என்பவையே அதிகம். இதை உணர்ச்சிவசப்பட்ட பேச்சாகத் தள்ளுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹீட் ஏறத்தாழ ஒரு நிமிடம். இன்றைய பிரிட்டிஷ் லீக் ஆட்டத்தில் 15 ஹீட்டுகள். 1965-இல் பிரிட்டிஷ் லீக் தொடங்கியபோது 13. ஆக, இரண்டு மணி நேரம் நீளும் ஒரு மாலையில் பந்தயம் என்பது கால் மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பை நிரப்பியது அந்த இடமும் அங்கே வாரந்தோறும் நின்ற மனிதர்களும்தான்.

அந்த இடைவெளியில் நடந்த ஒரு வேலையை மட்டும் சற்று அருகில் பார்க்கலாம். ரசிகரின் கையில் அட்டையில் செருகிய நிகழ்ச்சிப் புத்தகம். அதில் ஒவ்வொரு ஹீட்டுக்கும் நான்கு பெயர்கள், எதிரே காலிக் கட்டங்கள். பந்தயம் முடிந்ததும் பேனாவால் 3, 2, 1, 0 என்று நிரப்புவார். ஒலிபெருக்கியில் நேரம் சொல்லப்பட்டதும் அதையும் குறிப்பார். ஒருவருக்குப் பதிலாக வேறொருவர் இறங்கினால் அச்சிட்ட பெயரை அடித்து மேலே புதுப் பெயரை எழுதுவார். அதற்குள் இரண்டு நிமிட எச்சரிக்கை ஒலிக்கும், எஞ்சின்கள் உறுமும், அடுத்த நால்வர் நாடாவின் முன் வந்து சக்கரத்தால் மண்ணைக் கிளறிக் குழி பறிப்பார்கள். அரங்கமே ஒரு கணம் தலை நிமிரும். நாடா எழும். முதல் வளைவில் நிற்பவர்கள்மீது மண் தெறிக்கும். பழகியவர்கள் அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார்கள். சட்டைக் காலருக்குள் புகுந்த மண்ணை வீட்டுக்குப் போய்த்தான் உதற முடியும்.

மணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லா நினைவுகளிலும் அது முதல் வரியிலேயே வருகிறது. மெத்தனாலில் ஓடிய இந்த எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட மசகெண்ணெய் ஊற்றப்பட்டது. நம் வீடுகளில் விளக்கெண்ணெய் என்று சொல்கிறோமே, அதே எண்ணெய்தான். அது சூடேறிக் கருகும்போது எழும் இனிப்புக் கலந்த புகை பெட்ரோல் புகையைப் போன்றதல்ல. அரங்கத்துக்கு வரும் தெருவிலேயே அந்த மணம் எதிர்கொள்ளும். அதை முகர்ந்ததும் குழந்தைகள் நடையை எட்டிப் போடுவார்கள் என்பது பல ஊர் ரசிகர்களும் சொல்லும் செய்தி.

இன்னொரு காரணம் பந்தய இரவு. ஒவ்வோர் அணிக்கும் வாரத்தில் ஒரு நிலையான நாள் உண்டு. ஹைட் ரோட்டுக்குச் சனிக்கிழமை. மார்ச் முதல் அக்டோபர் வரை அந்த நாளில் குடும்பத்தில் வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெரும்பாலான தடங்கள் மூடிக் கிடந்தபோதும் ஹைட் ரோட்டில் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. அரங்கம் மூடப்பட்டபோது அந்தக் குடும்பங்களின் வாரத்திலேயே ஒரு நாள் காலியாகிப்போனது.

அரங்கங்கள் ஏன் மறைந்தன

ரசிகர்களின் பேச்சில் பழி பெரும்பாலும் ஒரு தனி மனிதர்மேல் விழுகிறது: நிலத்தை விற்ற உரிமையாளர், அல்லது அணியை நடத்திய அமைப்பாளர். உண்மையான காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை.

1. பெரும்பாலான ஸ்பீட்வே அணிகள் வாடகைதாரர்கள். அமைப்பாளரிடம் உரிமம் உண்டு, வீரர்களோடு ஒப்பந்தம் உண்டு, நிலம் இல்லை.

2. அரங்கத்தின் முதன்மை வருமானம் பல ஊர்களில் நாய்ப்பந்தயத்திலிருந்தே வந்தது. நாய்ப்பந்தயத் தடத்தின் உட்புறத்தில் ஸ்பீட்வே தடம் அமைந்திருக்கும். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1961 மே முதல் தெருக்களில் பந்தயக் கடைகள் திறக்க அனுமதி கிடைத்தது. அதுவரை ரொக்கமாகப் பணம் கட்டிச் சட்டப்படி பந்தயம் ஆட அரங்கத்துக்கே வர வேண்டியிருந்தது, பிறகு வேண்டியதில்லை. நாய்ப்பந்தயக் கூட்டம் கரைந்ததும், அந்த மரத்தில் படர்ந்திருந்த கொடியான ஸ்பீட்வேயும் ஆட்டம் கண்டது.

3. நகரம் வளர்ந்து அரங்கத்தைச் சூழ்ந்தது. ஊருக்கு வெளியே இருந்த நிலம் வீட்டுமனை விலைக்கு வந்தது. ஆண்டுக்குச் சில டஜன் மாலைகள் மட்டும் பயன்படும் நிலத்துக்கு, அந்த விலையின் முன் நின்று வாதாட வருமானக் கணக்கு ஏதுமில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் எஞ்சின் சத்தத்துக்கு எதிராகப் புகார் செய்வதும் இதோடு சேர்ந்துகொண்டது.

மூன்றும் ஒரே இடத்தில் கூடியதற்கு லண்டனின் விம்பிள்டன் எடுத்துக்காட்டு. ரோனி மூர், பாரி பிரிக்ஸ் போன்ற உலகச் சாம்பியன்கள் ஓடிய அந்தத் தடத்தில் ஸ்பீட்வே 1991-இல் நின்றது; 2002-இல் திரும்பி 2005-இல் மறுபடி நின்றது. நாய்ப்பந்தயம் 2017 மார்ச்சில் முடிந்தது. இன்று அதே இடத்தில் விம்பிள்டன் கால்பந்துக் கழகத்தின் அரங்கமும் குடியிருப்புகளும் நிற்கின்றன. அங்கே ஒரு விளையாட்டின் இடத்தை இன்னொரு விளையாட்டு எடுத்துக்கொண்டது. கால்பந்து ரசிகர்களுக்கோ அது இழந்த ஊருக்குத் திரும்பிய மகிழ்ச்சி. இரு தரப்பின் நினைவுகளும் மோதும்போது ஒன்றை மட்டும் புனிதமாகக் கொள்வது நியாயமாகாது.

சட்டம் நினைவை எப்படிப் பார்க்கிறது

இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கைச் சட்டகம் 2012-இல் வெளியானது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டாலும், விளையாட்டு இடங்களைப் பற்றிய அதன் விதி ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. இருக்கும் விளையாட்டு நிலத்திலோ கட்டடத்திலோ வேறு எதையும் கட்டக் கூடாது. கீழ்க்காணும் மூன்றில் ஒன்றாவது நிறைவேறினால் மட்டுமே விலக்கு.

1. அந்த இடம் இனித் தேவைக்கு மிஞ்சியது என்று ஓர் ஆய்வு தெளிவாகக் காட்ட வேண்டும்.
2. அல்லது, அளவிலும் தரத்திலும் அதற்கு நிகரான, அல்லது மேலான வேறொரு வசதி பொருத்தமான இடத்தில் தரப்பட வேண்டும்.
3. அல்லது, அங்கே வரப்போவது மாற்று விளையாட்டு வசதியாக இருந்து, அதன் பயன் இழப்பைத் தெளிவாக விஞ்ச வேண்டும்.

பிராண்டன் விண்ணப்பத்தில் கால்பந்துத் திடல் ஏன் சேர்க்கப்பட்டது என்பது இப்போது விளங்கும். அது மூன்றாவது வாயிலுக்கான சாவி. ரசிகர்களின் நினைவு எங்கே நுழைகிறது என்பதும் இங்கேதான் தெரியவரும். “தேவைக்கு மிஞ்சியது” என்று சொல்லப்படும் இடத்துக்கு மக்கள் எத்தனை தொலைவிலிருந்து வந்தார்கள், மூடிய பின் வேறு எங்காவது போகிறார்களா, நிகரான தடம் அருகில் இருக்கிறதா என்பவை விசாரணையில் எழும் கேள்விகள். இவற்றுக்கான விடைகள் ரசிகர்களிடமே இருக்கின்றன. தடத்தின் தன்மையைப் பற்றி மேலே சொன்னவை எல்லாம் “நிகரானது” என்ற ஒரு சொல்லின் பொருளைத் தீர்மானிப்பவை.

இரண்டாவது குழப்பத்துக்கான விடையும் இதிலேயே அடங்கியிருக்கிறது. திட்டமிடல் சட்டத்தால் புதிய பயன்பாட்டை மறுக்க முடியும். பழைய பயன்பாட்டைத் தொடரும்படி நில உரிமையாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே விண்ணப்பம் தோற்ற பிறகும் வாயிற்கதவு பூட்டியே இருக்கலாம். விற்கவோ குத்தகைக்கு விடவோ உரிமையாளர் முன்வர வேண்டும். எடுத்து நடத்தப் பணமுள்ள ஒருவரும் வர வேண்டும். “ஜெயித்துவிட்டார்கள்” என்று வந்த தலைப்புச் செய்திகள் இந்த நடு வழியைச் சொல்லாமல் விட்டதே வாசகர்களின் குழப்பத்துக்குக் காரணம்.

நினைவு எதில் நம்பகமானது

நினைவுகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஓலே ஓல்சன் என்ற டென்மார்க் வீரர், பிராண்டனில் ஓடிய கோவென்ட்ரி அணியில் இருந்தபடி 1978-இல் மூன்றாம் முறையாக உலகச் சாம்பியனானார். 1978-லும் 1979-லும் அந்த அணி லீக் பட்டம் வென்றது. அந்த ஆண்டுகளில் பிராண்டன் நிரம்பி வழிந்ததை நேரில் கண்டவர்கள் சொல்வது உண்மையே. ஆனால் அந்தக் கூட்டம் இன்றும் வரும் என்பதற்கு அது சான்றாகாது. தடத்தைப் பற்றியும், இடத்தைப் பற்றியும், பழக்கத்தைப் பற்றியும் ரசிகர் நினைவு வலுவான சாட்சி; நாளைய நுழைவுச்சீட்டு விற்பனைக்கு அது வலுவற்ற சாட்சி. போராடுபவர்கள் இந்த வேறுபாட்டை உணர்ந்து, கடைசிப் பருவங்களின் வரவு செலவையும் சேர்த்து வைத்தால்தான் வாதம் நிற்கும்.

நினைவு ஒதுக்கிவைக்கும் ஒரு பக்கமும் உண்டு. பீட்டர் கிரேவன் 1963 செப்டம்பரில் எடின்பரோவின் மெடோபேங்க் தடத்தில் விழுந்து, சில நாட்களில் இறந்தார். காற்று நிரப்பிய பாதுகாப்பு வேலிகள் வருவதற்கு முன் பலகையிலும் கம்பி வலையிலும் மோதி உடல் நொறுங்கியவர்கள் பலர். “அந்தக் காலத்து வேலியோரப் பந்தயம்” என்று வியந்து சொல்லப்படும் காட்சிகளின் விலை அதுவாக இருந்தது.

இவற்றுக்கு நடுவே மிக நம்பகமான ஆவணம், ரசிகர் தன் கையால் நிரப்பிய அந்த நிகழ்ச்சிப் புத்தகமே. நேரமும் புள்ளியும் மாற்று வீரரும் அந்த இரவிலேயே எழுதப்பட்டவை. பிற்கால ஏக்கத்தால் அவை மாறவில்லை. மறைந்துபோன பல தடங்களின் புள்ளிவிவரங்களை மறுபடி தொகுத்தவர்களுக்கு, பரணில் கிடந்த இந்தப் புத்தகங்களே பெரிதும் உதவின. வீட்டைக் காலி செய்யும்போது அவற்றைப் பழைய காகிதக் கடைக்குப் போடுவது பெரும் இழப்பு.

திரும்பி வந்த ஒரு தடம்

மூடிய தடம் திரும்பவே திரும்பாதா என்றால், ஆக்ஸ்போர்டு ஒன்று இருக்கிறது. கவுலி பகுதியின் சாண்டி லேன் அரங்கத்தில் ஸ்பீட்வே 2007-இல் நின்றது, நாய்ப்பந்தயம் 2012-இல் நின்றது. வீடு கட்டும் திட்டம் அங்கேயும் வந்தது. 2014-இல் நகர மன்றம் அரங்கத்தையே பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. அதன் சமூக வரலாறு, அதாவது மக்கள் அங்கே வந்துபோன நினைவு, அந்த முடிவில் எடைபோடப்பட்டது. பிறகும் எட்டு ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது. குத்தகைக்கு எடுத்து நடத்த ஒருவர் வந்தபின், 2022-இல் ஆக்ஸ்போர்டு சீட்டாஸ் அணி அதே தடத்தில் மறுபடி ஓடியது.

பிராண்டனுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஆக்ஸ்போர்டில் கட்டடம் பழுதுபார்க்கும் நிலையில் நின்றது. பிராண்டனிலோ தீயும் சூறையாடலும் பார்வையாளர் மாடத்தைச் சிதைத்துவிட்டன. அங்கே மறுபடி நாடா எழ வேண்டுமானால் மாடமும், மின்விளக்கும், வேலியும் புதிதாக வேண்டும். தடத்தின் வடிவம் மட்டும் களைகளுக்கு அடியில் இன்னும் இருக்கிறது.